வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி, தோழிகளிடம் ஃபோனில் எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஆகஸ்ட்டில் அம்மாவின் இடது மார்பில் இருந்த கட்டி கேன்சர்தான் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்தது. கொரோனா காலம். வார்டில் நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். அந்த ஒருவர் நான். அடுத்த ஒன்பது மாதமும் எனக்குத் துணை, ஃபோனுக்குள் இருந்த ஏழு ஹாஸ்டல் தோழிகள்தான். அதன்பிறகு தெரிந்தவர் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டர் பெயர் கேட்பவர்களைவிட, "இதை யார்கிட்ட, எப்படிச் சொல்றது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஒன்பது மாதம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான்.

வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா? எங்கள் வீட்டில் கூடாது என்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் அதேதான். "கட்டின்னு மட்டும் சொல்லு, அந்த வார்த்தையைச் சொல்லாதே" என்றார் பெரியம்மா. அவர் பயம் என் சித்தி மகளின் கல்யாணம். கேன்சர் பரம்பரை என்று பேர் வந்துவிட்டால் யார் பெண் எடுப்பார்கள்? இந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய மாட்டேன், ஊர் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் உண்மைக் கணக்கு வேறு. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது சுமார் 5 முதல் 10 சதவீதம்தான். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் தரகருக்குத் தெரியுமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வீட்டுத் துக்கம் என்று அவர் அதை மூடி வைத்திருந்தால் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்திருக்காது. அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். ஊருக்கே சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, ஏழு பேருக்குச் சொன்னால் போதும்.

சொந்தக்காரர்கள் இத்தனை பேர் இருக்கும்போது தோழிகள் எதற்கு?

அத்தைக்கு ஃபோன் செய்து சொன்னேன். அத்தை அழுதார். அரை மணி நேரம் நான் அவரைத் தேற்றினேன். மாமாவுக்குச் சொன்னேன். "ஏன் இவ்வளவு நாள் கவனிக்கலை?" என்று கேட்டார். அதற்கும் நானே சமாதானம் சொன்னேன். சொந்தக்காரர்களும் அதே வீட்டின் அடிபட்ட ஆட்கள்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் சொல்லி முடித்தபோதெல்லாம் என் பாரம் கூடித்தான் இருந்தது.

தோழிகளுக்கு இதில் பங்காளிச் சண்டை இல்லை, சொத்து இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. "அம்மா மேல எரிச்சலா வருதுடி" என்று அவர்களிடம் சொல்லலாம். சித்தியிடம் சொல்ல முடியுமா?

இன்னொரு வசதியும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு, டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது திருச்சியில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். டொரான்டோவில் அப்போது முந்தைய நாள் பிற்பகல். அங்கிருக்கும் தோழி வேலை நடுவில் "தூங்கினாங்களா?" என்று ஒரு வரி போடுவாள். அந்த ஒரு வரிக்காகவே ஃபோனை சார்ஜில் போட்டு வைத்திருந்தேன்.

அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். இதைச் சூடுபட்டுக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக வந்தது. அம்மாவே மொட்டை அடித்துக்கொண்டார். வெயிலில் உட்கார்ந்திருந்தவரை ஒரு படம் எடுத்து, அந்த ஏழு தோழிகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அழகாகத்தான் இருந்தார். அடுத்த வாரம் ஒருத்தி ஃபோன் செய்து, "மொட்டையிலும் அழகா இருக்கீங்கம்மா" என்று அன்பாகச் சொல்லிவிட்டாள். அம்மா ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு, அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காபி குடிக்கும்போது சொன்னார்: "உடம்பு என்னுது. நீ பாத்துக்கறதால அது உன்னுது ஆயிடாது."

அதற்குப் பிறகு சட்டம் அவர் போட்டதுதான். படம் கூடாது. எந்த இடத்தில் கட்டி என்று எழுதக் கூடாது. தெருக்காரர்கள் இருக்கும் குழுவில் எதுவுமே கூடாது. மற்றபடி, "உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன வேணா புலம்பிக்கோ."

சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் விஷயம் கஷ்டம்: மறதி நோய், நினைவில்லாமல் கிடப்பது, சின்னக் குழந்தை. அவர் நல்லபடியாக இருந்த நாளில் இதைச் சொல்ல விட்டிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். மலஜலச் சங்கதிகளை அவர் விட்டிருக்க மாட்டார். உங்கள் அலுப்பைச் சொல்வதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்.

நம் குடும்பங்களில் நோயாளிக்கே நோய் என்னவென்று சொல்லாமல் வைத்திருப்பதும் உண்டு. அது சரியா தப்பா என்பது தனிக் கதை. அப்படி வைத்திருந்தால் எந்தக் குழுவிலும் எழுதாதீர்கள். எவளாவது ஒருத்தி "கேன்சர்னு கேள்விப்பட்டேன் ஆன்ட்டி" என்று ஆறுதல் சொல்ல வந்துவிடுவாள்.

முதல் செய்தியை எப்படி எழுதுவது? நாலு நாளாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் அழித்தேன். கடைசியில் போனது இது:

"அம்மாவுக்கு கேன்சர்னு உறுதியாயிடுச்சு. அடுத்த வாரம் ட்ரீட்மென்ட் ஆரம்பம். குணமாக்கலாம்னு டாக்டர் சொல்றார். இப்ப யாரும் ஃபோன் பண்ணாதீங்க, பேசினா அழுதுடுவேன். மெசேஜ் போடுங்க. பதில் வரலைன்னா கோவிச்சுக்காதீங்க. வைத்தியம் எதுவும் அனுப்ப வேண்டாம்."

என்ன ஆயிற்று, அடுத்து என்ன, எனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம். இவ்வளவுதான். "என்ன வேண்டாம்" என்பதை எழுதத்தான் கூச்சமாக இருக்கும். எழுதிவிடுங்கள். எதிரில் இருப்பவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் கை நடுங்கிக்கொண்டுதான் இருக்கும், சொல்லிவிட்டால் நிம்மதியாவார்கள்.

எல்லோரும் தனித்தனியாக "என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லியே பொழுது போகிறது.

ஒருத்தியை வாயாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் கும்பகோணத்துக்காரி. நான் அவளிடம் மட்டும் சொல்வேன், அவள் மற்றவர்களுக்கும் கல்லூரிப் பெரிய குழுவுக்கும் சுருக்கமாகச் சொல்வாள். எதைச் சொல்லலாம் என்பதில் என்னைவிட அவளுக்கு விவரம் அதிகம்.

அப்படி யாரும் இல்லையென்றால், அட்மின் மட்டும் எழுதும்படி ஒரு குழுவை அமைத்து வாரம் ஒரு முறை நாலு வரி போடலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் உண்டு. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேருக்குப் போகவில்லை என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் குழுவில் போடலாமா?

வேண்டாம். ரிப்போர்ட்டின் மேல்பக்கத்தில் பெயர், வயது, ஃபோன் எண், மருத்துவமனைப் பதிவு எண் எல்லாம் இருக்கும். சிலவற்றில் ஆபா எண்ணும் (அரசு தரும் மருத்துவ அடையாள எண்) க்யூஆர் கோடும் இருக்கும், அதை ஸ்கேன் செய்தால் முழு ரிப்போர்ட்டும் திறந்துகொள்ளும் இடங்கள் உண்டு. போட்ட படம் ஏழு ஃபோன்களின் கேலரியில் தானாக இறங்கும். அந்த ஃபோன்களில் குழந்தைகள் கேம் விளையாடுவார்கள். மறையும் செய்தி வசதியில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கலாம்தான். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "எனக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டறேன்" என்று நல்லெண்ணத்தோடே எங்கோ அனுப்பியிருப்பார்கள்.

தோழி ஒருத்தியே டாக்டராக இருந்தால்? அவளுக்குத் தனியாக, மேல்பக்கத்தை மறைத்து அனுப்புங்கள். "என்ன வைத்தியம் செய்யலாம்?" என்று கேட்காதீர்கள், பாவம், அவள் கண் டாக்டராக இருப்பாள். "நாளைக்கு டாக்டரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல உதவிகளில் அது ஒன்று. ஒரு தாளில் ஆறு கேள்வி எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளோடு போன பிறகுதான் டாக்டர் என்னை உட்காரச் சொல்லிப் பேசினார்.

நெட்டில் தேடினால் பயங்கரமான கணக்குகள் வருகின்றன. தோழிகளும் அதை அனுப்புகிறார்கள்.

ஐந்து வருடம் பிழைப்போர் சதவீதம் என்று ஒன்று வரும். அதைக் கணக்கிட, ஐந்து வருடத்துக்கு முன்னாலேயே நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களை எடுத்தாக வேண்டும். அதாவது நீங்கள் பார்ப்பது பழைய வைத்தியத்தின் மார்க் ஷீட். மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 பாசிட்டிவ் என்று ஒரு வகை, ஒரு காலத்தில் அது கெட்ட சேதி. அதற்கான டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு அந்தக் கதை மாறியது. ஆனால் இணையத்தில் பழைய பக்கங்களும் புதியவற்றோடு கலந்துதான் கிடக்கின்றன.

என் வழக்கம் இதுதான்: தேடும் வேலையை ஒருத்தியிடம் விட்டேன். "எனக்குத் தெரிஞ்சே ஆகணும்னு இருந்தா மட்டும் சொல்லு" என்றேன். ஒன்பது மாதத்தில் இரண்டே முறைதான் சொன்னாள்.

முள்சீத்தா, கோமியம், அதிசய டயட் என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மனம் நோகாமல் எப்படித் தடுப்பது?

முள்சீத்தா எனக்கு மட்டும் பதினோரு முறை வந்தது, எண்ணி வைத்திருக்கிறேன். அந்தப் பழமும் இலையும் ஆய்வகக் கிண்ணத்தில் உள்ள புற்றுச் செல்லை என்ன செய்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். மனிதரில் கேன்சரைக் குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. அது பரவாயில்லை, பழம்தானே என்றும் விட முடியாது. கரீபியத் தீவான குவாடலூப்பில், அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிடுவதற்கும் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய்க்கும் தொடர்பு தெரிவதாக 1999-லேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். கீமோ நடக்கும்போது கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மருந்தோடு மோதக்கூடியவை அவற்றில் உண்டு.

இதையெல்லாம் சித்தப்பாவுக்கு விளக்கப் போனால் சண்டைதான் வரும். நான் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: "சரி சித்தப்பா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." அவர் மனமும் குளிர்ந்தது, அம்மா வயிறும் தப்பித்தது. தோழிகளிடம் இந்த நாடகம் தேவையில்லை. "வேண்டாம்டி" போதும்.

குழுவில் கேட்கவே கூடாத விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு. இதை மட்டும் நின்று படியுங்கள்.

கீமோ போட்ட பிறகு காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் யாரிடமும் கேட்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாகலாம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும். மூன்றாவது கீமோவுக்குப் பத்தாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு 101 வந்தது. நான் குழுவில், "காய்ச்சல் வந்திருக்கு, என்ன பண்ணலாம்?" என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். இருபது நிமிடம். ஒருத்தி நிலவேம்பு என்றாள், ஒருத்தி ஈரத்துணி என்றாள். கும்பகோணத்துக்காரி ஃபோனிலேயே கத்தினாள்: "எழுதறதை நிறுத்திட்டுக் கிளம்புடி!" அம்மா ஐந்து நாள் ஐசியூவில் இருந்தார்.

அதேபோல முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சு குழறுவது. அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எல்லாமும் இந்தக் கணக்குதான். முதலில் 108, அப்புறம் குழு.

ரத்தம் வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

தேதியோடு. எந்த மருத்துவமனை, எந்த வகை, எத்தனை யூனிட், எப்போதுக்குள், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று அதே இடத்தில் போடுங்கள். தேதி போடாத செய்தி வருடக்கணக்கில் சுற்றும். குணமாகி வீட்டுக்குப் போனவருக்காகவும் யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள்.

தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே பத்துப் பேரை வரவழைப்பதில் பயனில்லை, பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுவதுதான் நல்லது. ரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க, ஆண் என்றால் 90 நாள், பெண் என்றால் 120 நாள் ஆக வேண்டும். எந்த ரத்த வங்கியில் என்ன இருப்பு என்று மத்திய அரசின் ஈ-ரக்த்கோஷ் தளத்தில் பார்க்கலாம்.

பணம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் அதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மருத்துவமனையிலேயே அதற்கென்று ஆள் உட்கார்ந்திருப்பார். தோழிகளிடம் கேட்கும்போது "முடிஞ்சதைக் கொடுங்க" என்று சொல்லாமல், இந்த பில், இவ்வளவு ரூபாய் குறைகிறது என்று தொகையைச் சொல்லுங்கள். முடிந்தால் மருத்துவமனைக் கணக்குக்கே நேராகக் கட்டச் சொல்லுங்கள். கடனா, உதவியா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் நட்பில் முள்ளாக நிற்கும்.

பொதுவில் எல்லோரிடமும் கேட்பதில் ஓர் ஆபத்து: உங்கள் வேண்டுகோளை அப்படியே எடுத்து, வேறு யூபிஐ எண் போட்டு வசூலிப்பவர்கள் இருக்கிறார்கள். பணம் அனுப்புவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஏமாந்தால் தாமதிக்காமல், சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு ஃபோன் செய்யுங்கள்.

அதே நோய் உள்ள முன்பின் தெரியாதவர்களின் குழுக்களில் சேரலாமா?

சேரலாம், கொஞ்சம் ஓரமாக நின்று. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளிப்பதை டாக்டரும் சொல்லியிருந்தார். அதை நாளைக்கு எத்தனை முறை, ஃபிளாஸ்க்கில் எப்படிக் கலந்து வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அங்கே ஒரு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பட்டவர்களுக்குத்தான் அந்தச் சின்ன நுணுக்கங்கள் தெரியும். ஆனால் நீங்கள் அழுது எழுதிய பத்தாவது நிமிடம் தனிச்செய்தியில் வந்து மருந்து விற்பவர் யாராவது இருந்தால், அவரை பிளாக் செய்யுங்கள்.

ரொம்ப நெருங்கியவள் பதிலே போடவில்லை. நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.

வலிக்கும். எனக்கும் ஒருத்தி அப்படித்தான். ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவள். ஐந்து மாதம் கழித்து, அவள் அப்பா இதே நோயில் போனதைப் பற்றி முதல்முறையாக எழுதினாள். கல்லூரி நாட்களில் எங்களிடம் ஹார்ட் அட்டாக் என்றுதான் சொல்லியிருந்தாள். எல்லா மௌனத்துக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

நான் அந்தப் பக்கம் இருக்கிறேன். தோழியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. என்ன எழுதுவது?

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று எழுதாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கும் தெம்பு அவளுக்கு இருக்காது. "நாளைக்கு மதியம் ரசம் சாதம் கொண்டுவந்து கேட்டில் கொடுத்துட்டுப் போறேன், நீ கீழே வர வேண்டாம்" என்று எழுதுங்கள். தூரத்தில் இருந்தால் கரண்ட் பில் கட்டலாம், பையனின் ஆன்லைன் கிளாஸைக் கவனிக்கலாம். எங்கள் சிங்கப்பூர்க்காரி ஒன்பது மாதமும் என் மகனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"கடவுள் தாங்கக்கூடியவங்களுக்குத்தான் கொடுப்பார்", "எங்க மாமியாருக்கும் இதேதான், பாவம் போயிட்டாங்க" என்ற இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இரண்டாவது எனக்கு வந்தது.

எனக்கே தாங்கவில்லை. தூக்கம் இல்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

இது தோழிகளால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் கூப்பிடலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஃபோனோடு நிற்காமல் பக்கத்தில் ஓர் ஆளை வரச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தக் குழுவை என்ன செய்வது?

எங்கள் குழுவின் பெயர் "அம்மா அப்டேட்". 2022 மே மாதம் ரேடியேஷன் முடிந்தது. ஒரு வாரம் யாரும் எதுவும் எழுதவில்லை. கலைத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். ஃபோனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் படித்தார். "என்னைப் பத்தி இவ்வளவு புலம்பியிருக்கியே" என்றார். அப்புறம் ஒரு விரலால் தட்டித் தட்டி அவரே ஒரு செய்தி போட்டார்: "ஏழு பேரும் சாப்பிட்டீங்களா"

கும்பகோணத்துக்காரிதான் முதலில் பதில் போட்டாள். இட்லியாம்.